வலப்பக்க இருக்கை



 

இந்த வாரம் என்னைக் குறித்த ஒரு காரியத்தை உங்கள் முன்பாக அறிக்கையிட வேண்டியவனாக இருக்கிறேன். அதற்கு முன் ஒரு சிறிய விமானத்தைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். அந்த விமானம்தான் என் குற்றத்தை எனக்கு உணர்த்தியது.

சேரப்பணஞ்சேரியில் குடியிருக்கும் நமக்கு விமானச் சத்தம் புதிதன்று. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளும், ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனிப் பேருந்துகளும் எழுப்பும் இரைச்சலுக்கு மேலே, தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் இருப்பவர்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் என்றே நான் நெடுநாளாக எண்ணியிருந்தேன். பின்புதான் அறிந்துகொண்டேன். தாம்பரத்தில் இருப்பது பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்திற்கு வந்தது. ஏற்கெனவே நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள், பிறருக்குப் பறக்கக் கற்பிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அங்கே வருகிறார்கள். பறக்கத் தெரிந்தவன் பறக்கக் கற்பிக்கத் தெரிந்தவன் ஆகிவிடுவதில்லை என்பதை விமானப்படை அறிந்திருக்கிறது. ஒரு போதகனாகிய நான் அதை அறிய ஐம்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது.

எனக்கு அதைப் புரியவைத்தவர் நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீங்கள் எளிதாகவே கண்டுகொள்வீர்கள். ஒரகடத்தில் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நெடுங்காலம் நடத்தியவர். அவர் கையொப்பம் இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை. மனைவியைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். மகள் திருமணமாகி வெளிநாட்டில் இருக்கிறார். விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், ஒருநாள் ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, தாம் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் நாடியது தனியார் விமானி உரிமம். அதைக் கொண்டு யாரிடமும் கூலி வாங்கிக்கொண்டு பறக்க முடியாது. தானும் பறக்கலாம், கட்டணமின்றிப் பிறரையும் உடன் அழைத்துச் செல்லலாம், அவ்வளவே. 17 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று, மருத்துவப் பரிசோதனையில் தேறிய எவரும் அதற்கு முயலலாம். விமான விதிகள், திசையறிதல், வானிலை, விமானத்தின் இயக்கம் ஆகியவற்றைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி, பக்கத்தில் எவரும் இல்லாமல் தனியே பறந்ததாக இருக்க வேண்டும். அந்தத் தனிப் பறத்தலுக்குள்ளும் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர் தூரப் பயணம் ஒன்று உண்டு. வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி, மறுபடியும் ஏறிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஆகும் செலவு, நம் பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தை நெருங்கும். இதைக் குறித்து நம் சபையில் முணுமுணுப்பு இருந்ததை அறிவேன். அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் செலுத்தலாம் என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். அவர் தம் பங்கைத் தேவனுக்கும் எளியோருக்கும் பிரித்துக் கொடுத்த பின்பே இதில் இறங்கினார் என்பதை, அவர் அனுமதியின்றி இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்படியாக, சென்னையில் இரவில் காவேரி எக்ஸ்பிரஸ் ஏறி மைசூருக்குச் செல்வதும், அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சில வாரங்கள் தங்குவதும், திரும்பி வருவதுமாக அவருடைய நாட்கள் கழிந்தன. ஊரில் இருக்கும் வாரங்களில், ஞாயிறு மாலை என் வீட்டுத் திண்ணையில் தேநீர் அருந்தியபடி தாம் கற்றதைச் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பயிற்சிக்கு ஏற்ற சிறிய செஸ்னா விமானத்தில் முன்னே இரண்டு இருக்கைகள் உண்டு. இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் பயிற்றுநர். இருவர் முன்பாகவும் ஒரே மாதிரியான கைப்பிடி. இருவர் காலடியிலும் ஒரே மாதிரியான மிதிகள். ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும். மாணவர் செய்வதையெல்லாம் பயிற்றுநரின் கைகள் உணரும். பயிற்றுநர் செய்வதை மாணவரின் கைகள் உணரும்.

இவருக்கு வாய்த்த பயிற்றுநர், இவருடைய மகளைவிட இளைய ஒரு பெண். நானூறு பேருக்கு உத்தரவிட்டுப் பழகிய மனிதர், அந்தப் பெண்ணின் முன் பள்ளிப் பிள்ளையைப்போல் உட்கார வேண்டியிருந்தது. முதல் பாடம் விமானத்தைச் சுற்றி நடப்பது. எரிபொருள் தொட்டியிலிருந்து சிறிதளவு வடித்துக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது இவருக்கு எளிதாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் செய்த வேலைதானே. இரண்டாம் பாடம்தான் கடினம். கைப்பிடியை இறுகப் பிடிக்கக் கூடாது.

"பாஸ்டர், பயந்தவன் கெட்டியாப் பிடிப்பான். கெட்டியாப் பிடிச்சா விமானம் என்ன சொல்லுதுன்னு கைக்குத் தெரியாது. பேனா பிடிக்கிற மாதிரி ரெண்டு விரல்ல பிடிங்க சார்னு அந்தப் பொண்ணு தினமும் சொல்லும்," என்றார்.

ஒருநாள், நேராகவும் மட்டமாகவும் பறக்கும்படி விமானத்தைச் சீராக்கியபின், கைகளை எடுத்து மடியில் வைக்கச் சொன்னாராம் அந்தப் பெண். இவர் எடுக்கவில்லை. மறுபடியும் சொன்னார். எடுத்தார். விமானம் விழவில்லை. காற்றில் சற்று முகம் தாழ்த்தியது. பின் தானே நிமிர்ந்து தன் பாதையில் சென்றது. அப்படித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வண்ணமாகத்தான் அவ்வகை விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. இத்தனை நாளும் தாம் விமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததாக அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அதற்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாட்டைக் கை மாற்றுவதற்கும் ஒரு முறைமை உண்டு. பயிற்றுநர் "கட்டுப்பாடு உங்களிடம்" என்பார். மாணவர் "கட்டுப்பாடு என்னிடம்" என்று பதில் சொல்ல வேண்டும். பயிற்றுநர் மறுபடியும் "கட்டுப்பாடு உங்களிடம்" என்று உறுதி செய்வார். மூன்று முறை வாய்விட்டுச் சொன்ன பிறகே கை மாறும். ஏனெனில், மற்றவர் ஓட்டுகிறார் என்று இருவரும் எண்ணிக் கையை விட்டுவிட்டால் ஆபத்து. இருவரும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக இழுத்தாலும் ஆபத்து. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானாலும் அப்படியே சொல்லி எடுக்க வேண்டும். சொல்லாமல் பிடுங்குவது கூடாது.

பிரியமானவர்களே, இந்த முறைமையைக் கேட்டவுடன் ஒரு பிரசங்கம் என் மனதில் உருவாகிவிட்டது. நம் வாழ்க்கையின் கட்டுப்பாட்டைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு, நாம் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பதே அது. நான் நூறு முறை பிரசங்கித்த செய்தி. நம் வாகனங்களின் பின்கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறோம். ஒப்புக்கொடுத்தல் மெய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சகோதரரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையை அசைத்தார். "அது பயணிக்கு சரி பாஸ்டர். பயணி ஒதுங்கி உட்காரலாம். மாணவன் ஒதுங்கி உட்கார்ந்தா பயிற்றுநர் எதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் படித்தபோது ஒரு வரலாறு அகப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில், பிரிட்டனில் போர்முனைக்குப் போகுமுன்னே பயிற்சியிலேயே மடிந்த இளைஞர் ஏராளம். அந்நாளின் பயிற்றுநர்களுள் பலர் போரில் களைத்துத் திரும்பியவர்கள். மாணவனைக் கண்டு அவர்களே அஞ்சினார்கள். கட்டுப்பாட்டைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆபத்தான அசைவுகள் எதையும் மாணவனுக்குக் காட்டாமல் தவிர்த்தார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட மாணவன் முதன்முறை தனியே போனபோது, தான் அதுவரை கண்டிராத ஆபத்தில் சிக்கி விழுந்தான்.

இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பேரி என்னும் அதிகாரி. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் என்னுமிடத்தில் அவர் பயிற்சிப் பள்ளியை நடத்தினார். இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவனை விமானிக்குரிய இருக்கையிலேயே உட்காரவைத்தார். இயந்திர இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஆகையால் பயிற்றுநரின் குரல் மாணவனின் காதுக்குச் செல்ல ஒரு குழாய் அமைக்கப்பட்டது. சுழன்று விழும் நிலைக்கு விமானத்தை வேண்டுமென்றே கொண்டுபோய், அதிலிருந்து மீண்டு வருவதை மாணவனின் கைகளுக்கே கற்பித்தார்கள். தவறு நேராமல் தடுப்பதைவிட, தவறிலிருந்து மீளக் கற்பிப்பதே உயிரைக் காக்கும் என்பது அவருடைய முறை. உலகெங்கும் விமானப் பயிற்சி அந்த வழியையே பின்பற்றியது. நம் சகோதரர் மைசூரில் கற்றதும் அதன் வழி வந்ததுதான்.

நம் தேசத்திலும் இப்படிக் கையிலிருந்து கைக்கு மாறியே வானம் வசப்பட்டது. 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து பஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்து வந்தார். ஆனால் அந்தத் தபாலை நம் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவர் அல்லர். பம்பாயில் நெவில் வின்சென்ட் என்னும் விமானி அதை ஏற்றுக்கொண்டு, பெல்லாரி வழியாகச் சென்னையில் கொண்டுவந்து சேர்த்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானியாகப் போற்றப்படும் உஷா சுந்தரம், பெங்களூரு ஜக்கூரில் இருந்த அரசுப் பயிற்சிப் பள்ளியில் பயின்றார். அவருடைய கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானியே, பயிற்றுநரே. மனைவியைப் பயணியாக வைத்துக்கொண்டு பறந்திருக்க அவரால் முடியும். ஆயினும் இருவரும் விமானிகளாகச் சேர்ந்து, லண்டனிலிருந்து பம்பாய் வரை ஒரு டவ் விமானத்தை ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள்.

இப்போது சகோதரரின் கதைக்கு வருகிறேன். ஏறுவதும் இறங்குவதுமாகப் பல நாட்கள் சென்றன. இறங்கும்போது அவர் கண்கள் எப்போதும் அருகில் விரைந்து வரும் தரையையே பார்த்தன. அதனால் ஒவ்வொரு முறையும் விமானம் குதித்தது. ஓடுபாதையின் மறுமுனையைப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். சரியாக வரவில்லை என்று தோன்றினால், இறங்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், விசையைக் கூட்டி மேலே ஏறி, மறுபடியும் ஒரு சுற்று சுற்றி வரவேண்டும் என்றும் கற்பித்தார். அது தோல்வியன்று, நல்ல விமானியின் அடையாளம் என்றார். தம் தொழிற்சாலையில் மறுவேலை என்பதை அவமானமாகவே கருதிய இவருக்கு அதை ஏற்றுக்கொள்ளப் பல நாட்கள் ஆயின.

ஒருநாள் காலை, மூன்று முறை இறங்கியபின், விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார் அந்தப் பெண். தம் இருக்கை வாரை அவிழ்த்தார். கதவைத் திறந்தார். "ஒரு சுற்று. போய் வாருங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். வலப்பக்க வாரைக் காலியான இருக்கையின்மேல் தாமே பூட்டிவிட்டு, கதவைச் சாத்தித் தட்டிப் பார்த்துவிட்டு, புல்வெளிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

சகோதரர் என்னிடம் சொன்னார்: "முதல்ல கோபம் வந்துச்சு பாஸ்டர். என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டாளேன்னு. என் வீட்டுக்காரி போனப்போ வந்த அதே கோபம். அப்புறம் ஓடுபாதையில வேகம் எடுத்தேன். விமானம் வழக்கத்தைவிட சீக்கிரம் எழும்புச்சு. ஏன்னு புரியல. மேல போனப்புறம்தான் புரிஞ்சது. அந்தப் பொண்ணோட எடை இல்லையே."

ஆயிரம் அடி உயரத்தில், காலியான வலப்பக்க இருக்கையைப் பார்த்துப் பழக்கத்தில் ஏதோ கேட்க வாயெடுத்தாராம். பதில் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய பதில் என்னவென்று தமக்கே தெரிந்திருந்தது என்றார். அவ்வளவு மணி நேரம் அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே இருந்தது. கீழே புல்வெளியில் கையடக்க ரேடியோவோடு ஒரு சிறு உருவம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டார். ரேடியோவில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சகோதரர் இறங்கினார். ஒருமுறை குதித்தது, பின் நின்றது. வழக்கப்படி மற்ற மாணவர்கள் வாளி நிறையத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். "ரெண்டாவது ஞானஸ்நானம் பாஸ்டர்," என்று சொல்லிச் சிரித்தார்.

யோவான் 16-ஆம் அதிகாரத்தில், தாம் போவது சீஷர்களுக்கே நன்மை என்று ஆண்டவர் சொல்லுகிறார். இறையியல் கல்லூரியில் அந்தப் பகுதிக்கு நான் விளக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு எப்போதும் சற்றுக் கசப்பாகவே இருந்தது. நேசிக்கிறவர் போவது எப்படி நன்மையாகும்? அன்று திண்ணையில்தான் அதற்கு எனக்குச் சிறிது வெளிச்சம் கிடைத்தது. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், அரைகுறையாகக் கற்ற எழுபது பேரை அவர் இரண்டிரண்டாக அனுப்புகிறார். அவர்கள் சந்தோஷத்தோடு திரும்பி வருகிறார்கள்; அவரும் களிகூருகிறார். உபாகமம் 32-இல் மோசே பாடும் கழுகும் அப்படியே. முதலில் கூட்டைக் கலைக்கிறது. பின்பு குஞ்சுகளின்மேல் அசைந்தாடிச் செட்டைகளை விரிக்கிறது. நம்மைச் சுமைகளாக ஏற்றிச் செல்வது மட்டுமே தேவனுடைய சித்தமாயிருந்தால், நமக்குக் கைகளைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

எந்த உவமையையும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. தேவன் நம்மைவிட்டு இறங்கிப் போகிறவர் அல்லர். உலகத்தின் முடிவுபரியந்தம் உடனிருப்பதாக வாக்குப்பண்ணியவர். வெளியே பக்கத்தில் அமர்ந்து பேசியவர், ஆவியானவராய் உள்ளே வந்து பேசுகிறார். ஆகையால் இன்று உங்களில் யாராவது, ஜெபத்தில் பதில் கேட்கவில்லையே, பக்கத்து இருக்கை காலியாகிவிட்டதே என்று கலங்கிக்கொண்டிருந்தால், கைவிடப்பட்டீர்கள் என்று அவசரப்பட்டு எண்ணாதிருங்கள். நீங்கள் ஏற்கெனவே கற்றதை நம்பி அவர் மெளனமாயிருக்கக்கூடும்.

இப்போது என் அறிக்கை.

கடந்த ஆண்டு வாலிபர் ஞாயிறு ஆராதனையில் உங்களில் பலர் இருந்தீர்கள். டயர் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்த நம் வாலிபத் தம்பி ஒருவர், வாழ்க்கையில் முதன்முறையாகப் பிரசங்கிக்க நின்றார். எலியா எலிசாவைப் பற்றிய செய்தி. பதற்றத்தில் ஒருவர் செய்ததை மற்றவர் செய்ததாக மாற்றிச் சொல்லிவிட்டார். நான் எழுந்தேன். ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கினேன். திருத்தினேன். அதோடு நிற்காமல், அந்தப் பிரசங்கத்தை நானே முடித்தேன். நீங்கள் "ஆமென்" சொன்னீர்கள். அந்தத் தம்பி தம் காகிதங்களை மடித்துக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தார். சால்வை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்குப் போன சரித்திரத்தை, அதைப் பிடுங்கிக்கொண்டே நான் பிரசங்கித்தேன்.

அதற்குப் பின் அவர் சில வாரங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பின்பு ஷிப்ட் மாறிவிட்டது என்றார். பின்பு காணவில்லை. வாலிபர் பின்வாங்குவதைக் குறித்து நான் இதே பக்கத்தில் வருத்தத்தோடு எழுதினேன்.

தம் முதல் தனிப் பறத்தலைச் சொல்லி முடித்த மாலையில், சகோதரர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "பாஸ்டர், அன்னைக்கு அந்தத் தம்பியோட விமானம் நிஜமாவே விழுந்துகிட்டா இருந்துச்சு?"

எனக்குப் பதில் இல்லை.

மறுநாள் அந்தத் தம்பி தங்கியிருக்கும் அறைக்குச் சென்றேன். ஐந்து பேர் ஷிப்ட் முறையில் உறங்கும் அறை. அவர் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் எழுந்து வந்து என்னைக் கண்டு திகைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "பாஸ்டர், என் பேப்பர்ல சரியாத்தான் எழுதியிருந்தேன். வாய் தவறிடுச்சு. அடுத்த வரியில நானே பார்த்து திருத்தியிருப்பேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க," என்றார்.

அடுத்த வரி. அதுவரை காத்திருக்க என்னால் முடியவில்லை. அவர் விழுந்துகொண்டிருக்கவில்லை, சற்று முகம் தாழ்த்தியிருந்தார், அவ்வளவே. சபையை நான் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணி இறுகப் பிடித்த கைகளால், ஒரு வாலிபனின் கையை முறுக்கிவிட்டேன். பெர்கேயில் விட்டுப் பிரிந்த மாற்குவைப் பவுல் தள்ளினார், பர்னபாவோ சேர்த்துக்கொண்டார். பவுல் தம் கடைசி நாட்களில் அதே மாற்குவை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். பவுலுக்கே மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருந்தது என்பதே எனக்கு ஆறுதல்.

சென்ற ஞாயிறு அந்தத் தம்பி மறுபடியும் நின்றார். மூன்று முறை மறுத்து, நான்காம் முறை சம்மதித்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கைகள் தானாக எழும்பிவிடாதபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நடுவில் ஓரிடத்தில் அவர் திகைத்து நின்றதை நீங்கள் கண்டீர்கள். அந்த மெளனம் எனக்கு ஒரு மணி நேரமாகத் தோன்றியது. அவர் காகிதத்தைப் பார்த்தார், திருத்திக்கொண்டார், தொடர்ந்தார். முடிவில் அவசரப்பட்டுச் சற்றே தடுமாறி முடித்தார். வெளியே வந்ததும் நம் மூத்த சகோதரர் அவர் தோளில் கைவைத்து, "ஒரு குதி குதிச்சுதான் நின்னுச்சு தம்பி. என்னுதும் அப்படித்தான்," என்றார். தம்பி சிரித்தார். என்னிடம் அவர் இன்னும் முன்போல் பேசவில்லை. அதற்கு நாள் ஆகும். அந்த நாட்களைக் குறுக்கும் உரிமை எனக்கில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் அடுத்த வரி வரை காத்திருக்கிறீர்களா? தொழிற்சாலையில் பிறருக்கு வேலை கற்பிக்கும் சகோதரரே, புதிதாக வந்த பயிற்சித் தொழிலாளியின் கையிலிருந்து ஸ்பானரைச் சொல்லாமல் பிடுங்குகிறீர்களா? உண்மையில் விழப்போகும் வேளையில் தாங்கிக்கொள்வதும் அன்புதான். அதற்காகவே வலப்பக்க இருக்கையிலும் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஆனால் எது விழுதல், எது வெறும் அசைவு என்று பகுத்தறியும் பொறுமையை இந்த வாரம் கர்த்தரிடம் கேட்போம். அப்படியே எடுக்க வேண்டியிருந்தாலும், சொல்லி எடுப்போம்; மறக்காமல் திருப்பிக் கொடுப்போம்.

நம் சகோதரர் தம் உரிமத்தைப் பெற்றுவிட்டார். ஒருநாள் என்னைத் தம்மோடு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். வலப்பக்கம் உட்கார வேண்டுமாம். எதையும் தொடக் கூடாதாம். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் தவறுகளை அறிந்தும் உம்முடைய வேலையை எங்கள் கைகளில் ஒப்புவித்தவரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் தடுமாறியபோதெல்லாம் காத்திருந்த உம்முடைய பொறுமையை, எங்கள் பொறுப்பில் உள்ளவர்களுக்கு நாங்களும் காட்டக் கிருபை தாரும். நாங்கள் காயப்படுத்தினவர்களைக் குணமாக்கும். தனியே பறக்கிறோம் என்று கலங்குகிறவர்களுக்கு, உள்ளே இருந்து பேசும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்